தசை பயாப்ஸி பண்ணிக்கணுமா, இல்ல ரத்த டெஸ்ட்டும் எம்ஆர்ஐயும் போதுமா?

மயோசைடிஸ் மாதிரி தெரியுது, ஒரு மஸில் பயாப்ஸி எடுத்துடலாம்னு டாக்டர் சொன்ன உடனே நிறைய பேருக்கு வயித்துல புளிய கரைக்குது, அது எனக்கு நல்லாவே புரியும். மாடிப்படி ஏற முடியல, தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல, கையத் தூக்கி தலை வார முடியல, இருக்கிற தசையே பத்தாம தவிக்கிறப்போ அதுலயும் ஒரு துண்ட வெட்டி எடுக்கணுமான்னு கேக்கறது ரொம்ப நியாயமான கேள்வி. நான் தசை சாம்பிள் வர்ற லேப்ல டெக்னீஷியனா பல வருஷம் இருந்தவ, அப்புறம் எங்க சித்திக்கே இந்த வியாதி வந்து அவங்க பக்கத்துல நின்னு முடிவெடுக்க வேண்டிய நிலமையும் வந்துச்சு, ரெண்டு பக்கமும் பாத்ததுனால இத எழுதறேன். உங்க டாக்டர் சொல்றதுக்குப் பதிலா இத எடுத்துக்காதீங்க, அவர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க எடுத்துக்கங்க.

எதுக்கு இவ்வளவு டெஸ்ட்டுன்னு மொதல்ல சொல்லிடறேன். மயோசைடிஸ்ங்கிறது ஒரே வியாதி கிடையாது, உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்தத் தசையவே தாக்குற நாலஞ்சு வியாதிகளுக்குச் சேத்து வச்ச பேரு. தோல்ல தடிப்போட வர்ற டெர்மடோமயோசைடிஸ், நுரையீரலையும் சேத்துப் பிடிக்கிற ஆன்ட்டிசிந்தடேஸ் சிண்ட்ரோம், தசை நார்கள் அங்கங்க செத்து விழற நெக்ரோடைசிங் மயோபதி, நடு வயசு தாண்டினவங்களுக்கு வருஷக்கணக்கா மெதுவா ஏறுற இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ், சுருக்கமா ஐபிஎம். பாலிமயோசைடிஸ்னு ஒரு பழைய பேரும் இருக்கு, ஆனா அந்தப் பேரு ஒட்டின ஆளுங்கள நல்லா தோண்டிப் பாத்தா பாதிக்கு மேல வேற பெட்டிக்குப் போயிடறாங்க, இப்ப அதுல மிஞ்சுறவங்க ரொம்பக் கம்மி. வெளியில இருந்து பாத்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி, தொடையும் தோளும் பலவீனம், ரத்தத்துல சிபிகே, அதாவது தசை கெட்டா கசிஞ்சு வர்ற ஒரு என்சைம், ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஆனா வைத்தியம் அப்படி இல்ல. டெர்மடோமயோசைடிஸ்க்கு ஸ்டீராய்டும் கூட ஒரு மருந்தும் நல்லா கேக்கும், நெக்ரோடைசிங்ல ஸ்டீராய்டு மட்டும் பல பேருக்கு பத்தாது, சீக்கிரமே ஐவிஐஜி (தானம் வாங்கின ரத்தத்துல இருந்து எடுத்து நரம்பு வழியா ஏத்துற எதிர்ப்புப் புரதம்) மாதிரி அடுத்த படிக்குப் போகணும், ஐபிஎம்ல ஸ்டீராய்டு குடுத்தா பலம் வராது, சுகரும் எலும்பு தேய்மானமும்தான் வரும். இது போக மயோசைடிஸே இல்லாம மயோசைடிஸ் வேஷம் போட்டு வர்றதும் இருக்கு, தைராய்டு குறைவு, கொலஸ்ட்ரால் மாத்திரை, பரம்பரையா வர்ற மஸ்குலர் டிஸ்ட்ரஃபி. இதுல தைராய்டு ஒரு சின்ன ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், அதப் பாக்காம கத்திய எடுக்கவே கூடாது.

சரி, கையில என்னென்ன வழி இருக்கு? ஆன்ட்டிபாடி டெஸ்ட் (சொந்தத் தசையத் தாக்குற எதிர்ப்புப் புரதம் ரத்தத்துல இருக்கான்னு பாக்கறது), எம்ஆர்ஐ, ஈஎம்ஜி (தசையில ஊசி குத்தி அதோட மின்சாரத்தப் பாக்கறது), பயாப்ஸி. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அத யாரும் ஒரு வழின்னு சொல்ல மாட்டாங்க ஆனா அதிகமா நடக்கறதே அதுதான்: "ஸ்டீராய்டு குடுத்துப் பாப்போம், கேட்டா மயோசைடிஸ்."

ஆன்ட்டிபாடி டெஸ்ட்டுதான் இந்தத் துறையையே தலைகீழா மாத்தினது. மயோசைடிஸ் பேனல்னு கேட்டா ஒரே ரத்தத்துல ஜோ-1, எம்ஐ-2, எம்டிஏ5, டிஐஎஃப்1 காமா, எஸ்ஆர்பின்னு வரிசையா பாத்துடுவாங்க. இது பயாப்ஸி சொல்லாததக் கூட சொல்லும், எம்டிஏ5 வந்தா நுரையீரல் வேகமா கெடலாம்னு எச்சரிக்கை, பெரியவங்களுக்கு டிஐஎஃப்1 காமா வந்தா உள்ள எங்கயாவது கேன்சர் ஒளிஞ்சிருக்கான்னு தேடணும், தசைத் துண்ட எவ்வளவு நேரம் மைக்ராஸ்கோப்ல பாத்தாலும் இது ரெண்டும் தெரியாது. ஆனா மூணு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. ஒண்ணு, மயோசைடிஸ் இருக்கிற எல்லாருக்கும் ஆன்ட்டிபாடி வர்றதில்ல, நெகட்டிவ்னா வியாதி இல்லன்னு அர்த்தமே கிடையாது. ரெண்டு, இந்த பேனல ஒரு சின்னப் பட்டையில கோடு விழுதான்னுதான் பாப்பாங்க, அதுல லேசா ஒரு கோடு விழுந்து வீக் பாசிட்டிவ்னு வந்தா அது பொய்யாவும் இருக்கலாம், ஆளப் பாத்து பொருந்துதான்னு யோசிக்காம அந்த ஒரு வரிய வச்சு மருந்து ஆரம்பிக்கக் கூடாது. மூணாவதுதான் முக்கியம், எச்எம்ஜிசிஆர்ங்கிற ஆன்ட்டிபாடி பெரும்பாலும் இந்தப் பட்டையில இருக்கவே இருக்காது, தனியா எலைசாங்கிற வேற ரத்த டெஸ்ட்ல பாக்கணும். ஸ்டாட்டின்ங்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு சிபிகே ஆயிரக்கணக்குல ஏறி, மாத்திரைய நிறுத்தி மாசக்கணக்காகியும் இறங்கலன்னா இதத்தான் மொதல்ல கேக்கணும். பேனல் நெகட்டிவ்னு பேப்பர்ல இருக்கும், ஆனா எச்எம்ஜிசிஆர் பாக்கவே பட்டிருக்காது, இப்படி எத்தனை ரிக்வெஸ்ட் ஃபார்ம பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல.

எம்ஆர்ஐ வலி இல்லாதது, ரெண்டு தொடையையும் முழுசா ஒரே தடவையில காட்டும், பயாப்ஸி காட்டுறது வெறும் ஒரு விரல் நுனி அளவு இடத்த. கொழுப்ப அமுக்கிட்டு எடுக்கிற படத்துல எங்க நீர் கோத்திருக்கோ அது பளிச்சுனு வெள்ளையா தெரியும், அங்கதான் வியாதி சூடா நடக்குதுன்னு ஒரு அடையாளம். இன்னொரு மாதிரி படத்துல தசை போய் கொழுப்பு ஏறின இடம் தெரியும், அது பழைய சேதம், திரும்பி வராது. எந்தத் தசை கெட்டிருக்கு எது தப்பிச்சிருக்குங்கிற கணக்கும் உதவும், ஐபிஎம்ல தொடை முன்பக்கத் தசைகளும் முன்னங்கையில விரல மடக்குற தசையும் கெட்டுப்போயிருக்கும். ஆனா நீர் கோக்கறதுங்கிறது மயோசைடிஸோட தனிச்சொத்து இல்ல, கடுமையா உடற்பயிற்சி பண்ணாலும், ஊசி போட்டாலும், நரம்பு அறுந்தாலும், சில டிஸ்ட்ரஃபியிலயும் அதே வெள்ளைதான். அதனால எம்ஆர்ஐய நான் பயாப்ஸிக்குப் போட்டின்னு பாக்கறதில்ல, எங்க வெட்டணும்னு கைகாட்டுற ஆளுன்னுதான் பாக்கறேன்.

ஈஎம்ஜி பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல, கோளாறு தசையிலயா நரம்புலயான்னு பிரிச்சுக் காட்டும், தசையில இருந்தா இப்பவும் எரிஞ்சிட்டிருக்கான்னு ஓரளவு சொல்லும், எந்த வகைன்னு சொல்லாது. ஐபிஎம்ல நரம்பு வியாதி மாதிரியும் தசை வியாதி மாதிரியும் கலந்து வந்து மோட்டார் நியூரான் வியாதின்னு பயமுறுத்தி விட்டுடறதும் உண்டு.

இப்ப அந்த அஞ்சாவது வழி. மூச்சு விட, முழுங்க கஷ்டம், இதயத்துல பாதிப்பு, நுரையீரல் வேகமா கெடுது, இந்த மாதிரி நேரத்துல ஒரு நாள் கூட காக்கக் கூடாது, மருந்த ஆரம்பிச்சுட்டு அடுத்த சில நாள்ல பயாப்ஸிய எடுத்துக்கலாம், சில நாள் ஸ்டீராய்டுல எல்லா அடையாளமும் அழிஞ்சிடாது. அந்த அவசரம் இல்லாதப்போ "குடுத்துப் பாப்போம்"ங்கிறது எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல. ஏன்னா வாரக்கணக்கா ஸ்டீராய்டு உள்ள போனப்புறம் தசைக்குள்ள இருந்த செல் கூட்டம் கலைஞ்சு போயிருக்கும், அப்புறம் எடுக்கிற துண்டுல குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி எதுவும் இல்லன்னு ரிப்போர்ட் வரும். அத விட மோசம், ஸ்டீராய்டு குடுத்தா எந்த வகையா இருந்தாலும் சிபிகே கொஞ்சம் இறங்கும், ஐபிஎம்லயும் இறங்கும், டிஸ்ட்ரஃபியில கூட இறங்கலாம். நம்பர் இறங்குது, எல்லாரும் சந்தோஷப்படறாங்க, ஆளுக்குப் பலம் மட்டும் வரல.

எங்க சித்திக்கு நடந்தது இதேதான். அம்பத்தெட்டு வயசு, தோல்ல ஒண்ணும் இல்ல, ஆன்ட்டிபாடி எல்லாம் நெகட்டிவ், சிபிகே எண்ணூறு சொச்சம். வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில பயாப்ஸி எடுத்து முழுத் துண்டையும் ஃபார்மலின்ங்கிற பதப்படுத்துற திரவத்துல போட்டு அனுப்பி, பாலிமயோசைடிஸா இருக்கலாம்னு ரிப்போர்ட் வந்துச்சு. நான் அப்ப கூட இல்ல, ரிப்போர்ட்ட போன்ல படிச்சுக் காட்டினாங்க, நானும் சரின்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷம் ஸ்டீராய்டு. சிபிகே முந்நூறுக்கு வந்துச்சு, ஆனா சித்தி மாடி ஏறுறத விட்டாங்க, அப்புறம் முழங்கால் திடீர் திடீர்னு மடிஞ்சு விழ ஆரம்பிச்சாங்க, சுகர் வந்துச்சு, முதுகெலும்பு ஒண்ணு நசுங்குச்சு. ஒரு நாள் தண்ணி பாட்டில் மூடிய என்கிட்ட நீட்டி "இத திறந்து குடும்மா, கொஞ்ச நாளாவே விரல் மடங்க மாட்டேங்குது"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில எனக்கு உடம்பே சில்லிட்டுப் போச்சு. தொடையும் விரலும் சேந்து பலவீனம், அதுவும் அந்த வயசுல, அது ஐபிஎம் மாதிரி வேற எதுவும் இல்ல. ரெண்டாவது பயாப்ஸி எடுத்தோம், இந்தத் தடவ உறைய வச்ச சாம்பிள், அதுல எல்லாமே இருந்துச்சு.

என்ன இருந்துச்சுன்னு சொல்லணும்னா பயாப்ஸியில என்னதான் பாக்கறாங்கன்னு சொல்லணும், இதுதான் இந்த விஷயத்தோட உயிர். தசைய குறுக்க வெட்டிப் பாத்தா நார்கள் தேன்கூடு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், கொஞ்சம் நார்கள் சேந்து ஒரு கட்டு, கட்டச் சுத்தி ஒரு மெல்லிய உறை. சேதம் அந்தக் கட்டுல எங்க இருக்குங்கிறதுலயே பாதி கதை தெரிஞ்சிடும். கட்டோட ஓரத்துல இருக்கிற நார்கள் மட்டும் வரிசையா சுருங்கிப் போயிருந்தா, நடுவுல இருக்கிறது ஓரளவு நல்லா இருந்தா, அது டெர்மடோமயோசைடிஸோட கையெழுத்து, ஓரச் சுருக்கம்னு வச்சுக்கங்க, ரிப்போர்ட்ல பெரிஃபாசிகுலர் அட்ரோஃபின்னு எழுதியிருப்பாங்க. கூடவே ரத்தக் குழாயச் சுத்தி செல்கள் கூடியிருக்கும், நுண்குழாய்கள் எண்ணிக்கை கொறஞ்சு போயிருக்கும், அதுங்க சுவர்ல காம்ப்ளிமென்ட்ங்கிற எதிர்ப்பு சக்திப் புரதம் படிஞ்சிருக்கும், எம்எக்ஸ்ஏங்கிற புரதத்துக்கு சாயம் போட்டா ஓர நார்கள் எல்லாம் பழுப்பா மின்னும், அது இன்டர்ஃபெரான்ங்கிற எதிர்ப்பு சக்தி சிக்னல் வேலை செய்யுதுன்னு அடையாளம். நான் முதன்முதலா அந்த ஸ்லைட பாத்தப்போ ஒரு வயல் வரப்பு மாதிரி இருந்துச்சு, அப்படி ஒரு தெளிவு, ஒரு தடவ பாத்தா மறக்கவே மாட்டீங்க.

அதே ஓரத்துல சுருக்கத்துக்குப் பதிலா நார்கள் செத்துப் போயிருந்தா, சுத்தி இருக்கிற உறை பிஞ்சு பிஞ்சு நூல் நூலா இருந்தா, அது ஆன்ட்டிசிந்தடேஸ் பக்கம் இழுக்கும். நெக்ரோடைசிங்ல படமே வேற, செத்த நார்களும் புதுசா மொளைக்கிற நார்களும் அங்கங்க சிதறிக் கிடக்கும், ஆனா லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளை அணுக்கள் கூட்டம் அதிகம் இருக்காது, செத்தத சாப்பிட வந்த மேக்ரோஃபேஜ்தான் இருக்கும். இங்கதான் ஒரு குழப்பம், அழற்சி செல்களே காணோம், அப்ப இது மயோசைடிஸ் இல்லன்னு சில பேர் முடிவு கட்டிடறாங்க, ஆனா இதுவும் எதிர்ப்பு சக்தி பண்ற வேலைதான், நல்லா மருந்து கேக்கிற வியாதி, விட்டுட்டா தசை போயிடும்.

ஐபிஎம்ல சிடி8ங்கிற வகை வெள்ளை அணுக்கள் உயிரோட இருக்கிற நார்களச் சுத்தி வளைச்சு உள்ளயே பூந்துடும். இந்த அளவோட நின்னா அந்தக் காலத்துல பாலிமயோசைடிஸ்னு எழுதிடுவாங்க. ஆனா ஐபிஎம்ல இன்னும் இருக்கும்: நாருக்குள்ள ஓட்டை ஓட்டையா, ஓட்டையோட விளிம்புல சிவப்பு மணி மணியா, அதத்தான் ரிம்ட் வாக்குவோல்னு சொல்றது. கோமோரி ட்ரைக்ரோம்னு ஒரு சாயம், அதுல தசை பச்ச கலந்த நீலமா இருக்கும், அந்த விளிம்பு மட்டும் சிவப்பா எடுத்துக் காட்டும். பி62ங்கிற புரதத்துக்கு சாயம் போட்டா நாருக்குள்ள கட்டி கட்டியா தெரியும், காக்ஸ்ங்கிற என்சைம் சாயத்துல வயசுக்கு மீறின எண்ணிக்கையில நார்கள் நிறம் ஏறாம நிக்கும், நாருக்கு சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். சித்தியோட முதல் சாம்பிள் ஏன் இதக் காட்டலன்னு இப்ப புரியும், ஃபார்மலின்ல போட்டு மெழுகுல பதிச்சா அந்த சிவப்பு மணிகள் கரைஞ்சு போய் வெறும் ஓட்டையா நிக்கும், காக்ஸ் மாதிரி என்சைம் சாயங்கள் போடவே முடியாது ஏன்னா என்சைமே செத்துடுச்சு. எடுத்தது அதே தசைதான், பாட்டில்ல ஊத்தின தண்ணிதான் வேற, அதுக்கு ரெண்டு வருஷம் ஸ்டீராய்டு.

எம்எச்சி-1ங்கிற புரதம் பாசிட்டிவ்னு ரிப்போர்ட்ல பாத்தீங்கன்னா ஒரு வார்த்தை. சாதாரண தசை நார்ல அது இருக்காது, அழற்சி வந்தா வரும், அதனால உபயோகமானதுதான், ஆனா அது மட்டும் வச்சு எந்த வகைன்னும் சொல்ல முடியாது, டிஸ்ஃபெர்லின்ங்கிற தசைப் புரதத்தோட குறைபாடு மாதிரி பரம்பரை வியாதியிலயும் அது வரும், செல் கூட்டமும் வரும். அந்தக் குறைபாடு இருக்கிற இளம் வயசுப் பசங்க பாலிமயோசைடிஸ்னு சொல்லி வருஷக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிட்டுட்டு வருவாங்க, சிபிகே பல ஆயிரம், மருந்துக்கு அசையாது, கால் விரல் நுனியில நின்னு நடக்க முடியாது. டிஸ்ஃபெர்லின் சாயம் போட்டா ஸ்லைடு வெறிச்சுனு இருக்கும். அதுக்கப்புறம் ஜீன் டெஸ்ட்ல உறுதி பண்ணுவாங்க.

அப்ப யாரு பயாப்ஸிய தவிர்க்கலாம்? கண் இமையில ஊதா நிறம், விரல் முட்டி மேல தடிப்பு, இது ரெண்டும் தெளிவா இருந்து தசை பலவீனமும் இருந்தா டெர்மடோமயோசைடிஸ்னு சொல்ல துண்டு வேணும்னு கட்டாயம் இல்ல. 1975ல போஹனும் பீட்டரும் வகுத்த அஞ்சு அடையாளத்துல பயாப்ஸி ஒண்ணு, 2017ல ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி சங்கங்கள் சேந்து கொண்டு வந்த மார்க் போடற முறையில பயாப்ஸி இருந்தா ஒரு கணக்கு, இல்லாட்டி வேற கணக்குன்னு ரெண்டு வழியுமே வச்சிருக்காங்க, தோல் தடிப்பு இல்லாதவங்களுக்குத்தான் எடுங்கன்னு சொல்றாங்க. அதே மாதிரி எஸ்ஆர்பி, எச்எம்ஜிசிஆர் நல்லா ஓங்கி பாசிட்டிவா இருந்து, சிபிகேவும் ஏறி, பலவீனமும் இருந்தா நெக்ரோடைசிங்னு முடிவு பண்ணிக்கலாம், 2016ல இதுக்குன்னே கூடின நிபுணர்கள் அப்படித்தான் வகுத்தாங்க. ஜோ-1 பாசிட்டிவ், நுரையீரல் பாதிப்பு, விரல் ஓரம் மெக்கானிக் கை மாதிரி வெடிப்பு, இதுக்கும் பெரும்பாலும் வேண்டியதில்ல. எம்டிஏ5ல பல பேருக்கு தசை பெருசா கெட்டே இருக்காது, அங்க பயாப்ஸிக்கு நாள் பாத்துட்டு இருக்கிறது ஆபத்து, நுரையீரலப் பாருங்க. சின்னக் குழந்தைகளுக்கு தோல் அடையாளம் பளிச்சுனு இருந்தா எம்ஆர்ஐயோட நிறுத்திக்கிற டாக்டருங்க நிறைய பேர், எனக்கும் அது சரின்னு படுது.

கட்டாயம் எடுக்கணும்னு நான் பிடிவாதமா சொல்றது யாருக்குன்னா, தோல்ல ஒண்ணும் இல்ல ஆன்ட்டிபாடியும் இல்ல, ஆனா தசை கெடுதுங்கிறவங்களுக்கு. நாப்பத்தஞ்சு வயசு தாண்டி மெதுவா வருஷக்கணக்குல கெடறவங்களுக்கு, அதுவும் விரல் மடங்கலன்னா. குடும்பத்துல வேற யாருக்காவது தசை பலவீனம் இருந்தா, இல்ல சின்ன வயசுலயே ஓட்டத்துல பின்தங்கின ஆளா இருந்தா. வீக் பாசிட்டிவ் ஆன்ட்டிபாடிய வச்சு ஆடிட்டு இருக்கிறவங்களுக்கு. மூணு நாலு மாசம் ஒழுங்கா மருந்து எடுத்தும் பலம் ஏறாதவங்களுக்கு. இந்தக் கூட்டத்துல இருக்கிறவங்களுக்குத்தான் ஒரு தப்பான பேரு வருஷக்கணக்கா வேலை வைக்கும், அந்தக் கணக்கோட ஒப்பிட்டா ஒரு சின்ன தழும்பு எனக்கு பெருசா தெரியல. டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதுல என்ன வந்தா மருந்து மாறும்?" பதில் தெளிவா வந்தா எடுங்க, எது வந்தாலும் இதே மருந்துதான்னு சொன்னா எதுக்கு எடுக்கறோம்னு இன்னொரு தடவ பேசுங்க.

எடுக்கறதுன்னு முடிவானா அடுத்த ஒப்பீடு, திறந்து எடுக்கறதா ஊசியா. 1860கள்லயே பிரான்ஸ்ல டுஷேன்ங்கிற டாக்டர் உயிரோட இருக்கிறவங்க தசையில இருந்து துணுக்கு எடுக்க ஒரு ஊசிக் கருவி செஞ்சார், 1962ல பெர்க்ஸ்ட்ராம் கொண்டு வந்த ஊசிதான் இப்பவும் பல இடத்துல. ஊசின்னா தழும்பு சின்னது, தையல் பெரும்பாலும் வேணாம், பல தடவ எடுக்கலாம், ஆனா துணுக்கு பொடியா வரும், எந்தப் பக்கம் குறுக்கு எந்தப் பக்கம் நெடுக்குன்னு அடுக்கி வைக்க லேப்ல கை பழகியிருக்கணும். நடுவுல கொன்கோடோம்னு இடுக்கி மாதிரி ஒரு கருவியும் இருக்கு, சின்ன வெட்டுதான், ஊசிய விட கொஞ்சம் பெரிய துண்டு வரும். திறந்து எடுத்தா சுமார் 1 செமீ நீளத்துக்கு நல்ல துண்டு, கட்டோட ஓரம் நடு எல்லாம் தெரியும், தையல் போடணும், தோல் நரம்பு வெட்டுப்பட்டா கொஞ்ச இடம் மரத்துப் போகலாம். மயோசைடிஸ்ல சேதம் திட்டுத் திட்டா இருக்கும், அதனால முதல் தடவைக்கு என் ஓட்டு திறந்து எடுக்கறதுக்குத்தான், ஊசியில நல்லா பழகின டாக்டரும் அதுக்கு பழகின லேபும் ஒரே இடத்துல இருந்தா மட்டும் ஊசி. மரத்துப்போற ஊசிய தோலுக்குத்தான் போடுவாங்க, தசைக்குள்ள போட்டா சாம்பிள் கெட்டுடும், அதனால வெட்டுற அந்த சில விநாடி சுருக்குனு சதை பிடிச்ச மாதிரி இழுக்கும், இத முன்னாடியே சொல்லாம விடறதுனாலதான் ஆளுங்க மிரண்டு போறாங்க. சித்தி என்கிட்ட "வெட்டின இடம் மறுபடி வளருமாம்மா"ன்னு கேட்டாங்க, எடுக்கிற அளவு அவ்வளவு சின்னது, அதனால பலம் கொறையாது சித்தின்னு சொன்னேன், அது உண்மைதான். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அத மறக்காம முன்னாடியே சொல்லிடணும்.

எந்தத் தசைங்கிறது எப்படி எடுக்கறதங்கிறத விட பெரிய விஷயம். ரொம்பக் கெட்டுப்போன தசையில எடுத்தா கொழுப்பும் தழும்புத் திசுவுந்தான் வரும், எந்த வியாதியோட கடைசியும் ஒரே மாதிரிதான் இருக்கும், பதில் கிடைக்காது. நல்லா இருக்கிற தசையில எடுத்தா நார்மல்னு வரும். மிதமா பலவீனமான, எம்ஆர்ஐயில வெள்ளையா தெரியிற, கொழுப்பு அதிகம் ஏறாத தசைதான் வேணும், பெரும்பாலும் தொடையோட வெளிப்பக்கம், இல்ல மேல்கை, இல்ல தோள். ஈஎம்ஜி ஊசி குத்தின தசையில எடுக்கவே கூடாது, குத்தின இடத்துல செத்த நாரும் செல்லும் இருக்கத்தான் செய்யும், அது வியாதியா ஊசியான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஈஎம்ஜிய ஒரு பக்கம் பண்ணிட்டு பயாப்ஸிய அடுத்த பக்கம் பண்றது வழக்கம், எந்தப் பக்கம் குத்தினாங்கன்னு நீங்களும் குறிச்சு வச்சுக்கங்க. சமீபத்துல தடுப்பூசி போட்ட தோளும் அப்படித்தான்.

ரிப்போர்ட் நார்மல்னு வந்தா இடிஞ்சு போயிடாதீங்க, நிம்மதியும் ஆகிடாதீங்க, திட்டுத் திட்டா வர்ற வியாதியில துண்டு நல்ல இடத்துல இருந்து வந்திருக்கலாம். ஐபிஎம்லயே முதல் தடவ அந்த ஓட்டைகள் கண்ணுல படாம போறது சகஜம். ஆள் படுற பாடும் பேப்பரும் பொருந்தலன்னா ஸ்லைட வேற ஒரு தசை பேத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க, அதுக்கும் பதில் இல்லன்னா இன்னொரு தடவ எடுக்கறதுல தப்பில்ல.

கடைசியா எங்க லேப் பக்கத்துல இருந்து. துண்டு வெளிய வந்த உடனே உப்புத் தண்ணியில மிதக்க விட்டா தசை தண்ணிய உறிஞ்சிடும், உறைய வைக்கும்போது உள்ள பனிக்கட்டி முள்ளு முள்ளா ஆகி நார் எல்லாம் சல்லடை ஆயிடும், ஓட்டை வியாதியாலயா பனியாலயான்னு மண்டைய ஒடைச்சுக்கணும். லேசா ஈரம் பண்ணின துணியில சுத்தி, மூடின டப்பாவுல போட்டு, ஐஸ் மேல வச்சு சீக்கிரம் லேபுக்கு வரணும். நாங்க லிக்விட் நைட்ரஜன்ல குளிர வச்ச ஐசோபென்டேன்ங்கிற திரவத்துல, அது கிட்டத்தட்ட மைனஸ் 160 டிகிரி, முக்கி விநாடிகள்ல உறைய வைப்போம். மிச்சத்துல ஒரு துணுக்கு ஃபார்மலின், ஒரு துணுக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு. இதெல்லாம் உங்க கையில இல்லன்னு தோணலாம், ஆனா ரெண்டு விஷயம் உங்க கையிலதான் இருக்கு. தேதி குறிக்கிறப்போவே "உறைய வச்சுப் பாக்கிற லேபுக்குத்தானே போகுது, அவங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களா"ன்னு கேளுங்க. வார இறுதிக்கு முந்தின நாள் சாயங்காலம் நேரம் குடுத்தா வேற நாள் கேளுங்க, வாங்கி உறைய வைக்க ஆள் இல்லாம எத்தனையோ நல்ல துண்டு ஃபிரிட்ஜுலயே வீணாப்போனத நான் பாத்திருக்கேன். மீதி உறைஞ்ச துண்ட மைனஸ் 80ல எடுத்து வைக்கச் சொல்லுங்க. சித்தியோட ரெண்டாவது துண்டு இன்னும் அங்கதான் இருக்கு, ஸ்டீராய்ட நிறுத்தியாச்சு, ஃபிசியோதெரபியும் முழங்காலுக்கு ஒரு பட்டையும் போட்டு நடக்கறாங்க, பாட்டில் மூடிய நான் திறந்து குடுக்கறேன்.